சம்பந்தி வீட்டு உத்திரம்

டொக்கு சாருக்குப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளப் பட்டியலிலும் மருந்துச் சீட்டிலும் மட்டும் நடமாடுகிறது. மற்ற எல்லா இடத்திலும் அவர் டொக்கு சார்தான். முப்பத்தோரு வருடமாகப் பழைய கட்டடங்களுக்குள் புகுந்து, உத்திரத்தையும் தூணையும் மாடிப்படியையும் சின்னச் சுத்தியலால் டொக்கு டொக்கென்று தட்டி, உள்ளே மரம் திடமாக இருக்கிறதா, உளுத்துப் போயிருக்கிறதா என்று சொல்வது அவருடைய உத்தியோகம். வெட்டக் கூடாது, பிளக்கக் கூடாது, பெயர்த்தெடுக்கக் கூடாது. மரம் நின்ற இடத்தில் நின்றபடியே இருக்க வேண்டும். அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்பதை மட்டும் இவர் சொல்லிவிட வேண்டும்.

தச்சர்களுக்கு இந்த வேலையைக் கண்டால் இளக்காரம். "எதுக்கு சார் இவ்வளவு பாடு? ஒரு வெட்டு வெட்டினா தெரிஞ்சிடப் போகுது" என்பார்கள்.

"தெரியும். வெட்டினப்புறம் நல்ல மரம்னு தெரிஞ்சா, அதை யார் ஒட்ட வைக்கிறது, நீங்களா?" என்பார் டொக்கு சார்.

அவரிடம் மூன்று கருவிகள் இருந்தன. ஒன்று அந்தச் சுத்தியல். இரண்டாவது, இரண்டு முள் வைத்த கையடக்கப் பெட்டி. முள்ளை மரத்தில் அழுத்தினால் எத்தனை சதவீதம் ஈரம் என்று எண் காட்டும். மூன்றாவதுதான் அவருடைய செல்லம். துப்பாக்கி போல நீளமான ஓர் இயந்திரம், அதற்குள் பின்னல் ஊசி கனத்தில் ஒரு துளை ஊசி. விசையை அழுத்தினால் ஊசி சுற்றிக்கொண்டே மரத்துக்குள் போகும். மரம் எந்த ஆழத்தில் எவ்வளவு எதிர்த்து நிற்கிறது என்பதை இயந்திரம் ஒரு காகிதத்தில் கோடாக வரைந்துகொண்டே வரும். திடமான மரம் என்றால் கோடு மலை மலையாக எழும்பும். உளுத்த மரம் என்றால் கோடு தரையில் படுத்துவிடும். ஊசி போன ஓட்டையை ஒரு கொசுகூடச் சட்டை செய்யாது.

தொழில் செய்கிறவனுக்குத் தொழில் கையோடு ஒட்டிக்கொள்ளும். டொக்கு சாருக்கு முழங்கை வரைக்கும் ஒட்டியிருந்தது. யார் வீட்டுக்குப் போனாலும் கதவை மேலே ஒரு தட்டு, நடுவில் ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு தட்டுவார். மூன்று பேர் வந்திருக்கிறார்கள் என்று நினைத்து உள்ளே மூன்று டம்ளர் தண்ணீர் எடுத்து வைத்தவர்கள் உண்டு.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அவருடைய நாக்கு. எந்த அறிக்கையிலும் அவர் "நன்றாக இருக்கிறது" என்று எழுதியதில்லை. "தட்டிப் பார்த்த வரைக்கும் நன்றாக இருக்கிறது" என்றுதான் எழுதுவார். தட்டாத இடத்துக்கு அவர் எப்படிப் பொறுப்பேற்பது? நியாயம்தான். ஆனால் அந்த நியாயத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். சமையல் எப்படி என்று மனைவி கேட்டால் "சாப்பிட்ட வரைக்கும் நல்லா இருக்கு" என்பார். புதுப் புடவை கட்டி வந்து நின்றால் "முன்பக்கம் பார்த்த வரைக்கும் நல்லா இருக்கு" என்பார். மாப்பிள்ளை பார்க்கப் போய்வந்து "பேசின வரைக்கும் நல்ல பையன்" என்றார். இருபத்தொன்பது வருடக் குடித்தனத்தில் அந்த அம்மாள் "வரைக்கும்" இல்லாத ஒரு பாராட்டை அவர் வாயிலிருந்து கேட்டதே கிடையாது.

அந்த நாக்கும் அந்தக் கையும் ஒன்றாகச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைச் சம்பந்தி வீட்டில் முதல் நாளே பார்த்துவிட்டார்கள்.

கல்யாணப் பேச்சுக்காக இரண்டு வருடம் முன்பு போயிருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். பழைய காலத்து இரண்டடுக்கு வீடு, எங்கே பார்த்தாலும் மரம். கதவு திறப்பதற்குள் டொக்கு சாரின் விரல்முட்டி தானாகவே வாசற்காலுக்குப் போய்விட்டது. மேலே, நடுவே, கீழே. காதை வைத்துக் கேட்டார். பிறகு மனைவியிடம் திரும்பி, "பாலிஷெல்லாம் ஜோரா இருக்கு. உள்ள புழு வேலையை ஆரம்பிச்சிருச்சு" என்றார்.

கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்.

அவர் முகம் வெளுத்துப் போனதை எல்லோரும் பார்த்தார்கள். வந்தவர்களை வீட்டுக்குள் அழைக்கவில்லை. வராந்தாவிலேயே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, தேநீரும் பேச்சும் அங்கேயே முடிந்தன. பிள்ளைகள் இரண்டு பேரும் பெரியவர்களைக் கேட்காமலே முடிவு செய்துவிட்டதால்தான் கல்யாணம் நடந்தது. அதன்பிறகு எத்தனை முறை போனாலும் டொக்கு சாருக்கு வராந்தாதான். ஸ்டேஷன் மாஸ்டர் அவரோடு நேராகப் பேசுவதும் இல்லை. யாராவது ஒருவரை நடுவில் நிறுத்தி, "அவரை டீ எடுத்துக்கச் சொல்லு" என்பார். டொக்கு சாரும் விட்டுக்கொடுக்காமல், "எடுத்துக்கிறேன்னு சொல்லுங்க" என்பார்.

"கட்டையைப் புண்படுத்தாம பார்க்கிறதுக்குப் பெட்டி பெட்டியா மெஷின் வெச்சிருக்கீங்க. மனுஷங்களைப் புண்படுத்தாம பேச ஒரு மெஷின் கிடைக்கலையா?" என்று மனைவி வாரம் ஒரு முறையாவது கேட்பாள். டொக்கு சார் தலையைக் குனிந்துகொள்வார். அவருக்கும் உள்ளூர வருத்தம்தான். பெண்ணைக் கொடுத்த வீட்டில் வாசலோடு நிற்பது எந்தத் தகப்பனுக்குப் பிடிக்கும்?

இப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் காலையில் மகள் போனில் அழுதாள். அவளுக்கு ஏழாவது மாதம். ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, இனிமேல் மாடிப்படி ஏறவே கூடாது, படுத்தே இருக்க வேண்டும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்த வீட்டிலோ படுக்கையறை எல்லாம் மாடியில். கீழே கட்டில் போடத் தோதான இடம் ஒன்றே ஒன்று, ஹாலின் கிழக்கு மூலை. அங்கேதான் ஜன்னல் இருக்கிறது, மின்விசிறி இருக்கிறது, நாலு எட்டு வைத்தால் குளியலறை. ஆனால் அங்கே ஸ்டேஷன் மாஸ்டரின் கட்டில் கிடந்தது.

"மாமா அந்த மூலையை விட மாட்டேங்கிறார்ம்மா. சமையலறைப் பக்கத்துல மேற்கு மூலையில படுத்துக்கோங்கறார். அங்க ஒரே வெக்கை. அத்தை கெஞ்சிப் பார்த்துட்டாங்க, இவர் சண்டை போட்டுட்டார். உயிரே போனாலும் கட்டிலை நகர்த்த மாட்டேன்னு உட்கார்ந்திருக்கார்."

"கர்ப்பிணிப் பொண்ணுக்கு ஒரு மூலையை விட மனசில்லையா அந்த மனுஷனுக்கு!" மனைவிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"இது மட்டுமில்லம்மா. மாடியில கிழக்குப் பக்கம் பெரிய ரூம் ஒண்ணு பூட்டியே கிடக்கு. சாவி தொலைஞ்சு போச்சாம். பூட்டை உடைக்கவும் விட மாட்டேங்கிறார். என்ன மனுஷரோ!"

அன்றைக்கே கிளம்பினார்கள். கிளம்புவதற்கு முன் மனைவி கணவரின் பையைச் சோதனை போட்டாள். சுத்தியலை எடுத்து அரிசி டப்பாவுக்குள் புதைத்தாள். ஈரம் பார்க்கும் பெட்டியை அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

"அந்த ஊசி மெஷின் எங்க?"

"அது ஆபீஸ் மெஷின்" என்றார் டொக்கு சார். சொன்ன வரைக்கும் அது உண்மைதான். ஆபீஸுக்குச் சொந்தமான அந்த இயந்திரம் அப்போது காரின் பின்பக்கத்தில், உபரி டயருக்கு அடியில், கம்பளியில் சுற்றிப் பத்திரமாகப் படுத்திருந்தது.

"இன்னைக்கு நீங்க சம்பந்தி. இன்ஸ்பெக்டர் இல்ல. கை ரெண்டும் பாக்கெட்ல இருக்கணும். புரிஞ்சுதா?"

"கேட்ட வரைக்கும் புரிஞ்சுது" என்றார். மனைவி பார்த்த பார்வையில் மீதியும் புரிந்துவிட்டது.

வராந்தாவில் வழக்கம்போலப் பிளாஸ்டிக் நாற்காலிகள் தயாராக இருந்தன. மனைவி அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நேராக ஹாலுக்குள் நுழைந்துவிட்டாள். வேறு வழியில்லாமல் டொக்கு சாரும் பாக்கெட்டில் கைகளோடு பின்னாலேயே நுழைந்தார். ஸ்டேஷன் மாஸ்டர் கட்டிலிலிருந்து வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். சிவப்பு விளக்கைத் தாண்டி ரயில் வருவதைப் பார்த்தவர் மாதிரி இருந்தது அவர் முகம்.

"அவரை வெளியிலயே காத்தாட உட்காரச் சொல்லுப்பா" என்றார் மகனிடம்.

"இங்கயே காத்து வருதுன்னு சொல்லுங்க மாப்பிள்ளை" என்றார் டொக்கு சார்.

மாப்பிள்ளை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, யாரிடமும் எதையும் சொல்லாமல் தன் மனைவிக்குத் தலையணை எடுத்து வைக்கப் போனான். கெட்டிக்காரப் பையன்.

பேச்சு தொடங்கியது. பேச்சு என்ன, முற்றுகை. ஒரு பக்கம் டொக்கு சாரின் மனைவி, இன்னொரு பக்கம் சம்பந்தியம்மாள். "வீட்டுக்கு வரப்போற குழந்தையைவிட உங்களுக்குக் கட்டில் பெருசா?" என்று ஒருத்தி கேட்டாள். "முப்பத்தஞ்சு வருஷம் இவரோட குப்பை கொட்டியிருக்கேன், இப்படி ஒரு பிடிவாதத்தை நான் பார்த்ததே இல்லை" என்று மற்றவள் கண்ணைத் துடைத்தாள். சோபாவில் கால் வீங்கிப் படுத்திருந்த மகள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதுதான் எல்லாவற்றையும்விட ஸ்டேஷன் மாஸ்டரைச் சுட்டிருக்க வேண்டும். ஆனாலும் ஒரே பதில்தான்.

"பழக்கமான இடம். விட முடியாது."

டொக்கு சார் பேசவும் கூடாது, தட்டவும் கூடாது என்றால் பாக்கி இருப்பது கண் ஒன்றுதான். அது தன்பாட்டுக்கு மேலே போய்விட்டது.

ஹாலின் குறுக்கே ஐந்து உத்திரங்கள் போயின. ஒவ்வொன்றும் ஓரடிக் கனம். எல்லாவற்றுக்கும் பழுப்பு வண்ணம், பல வருடத்து வண்ணம், மங்கிப் போயிருந்தது. ஆனால் கிழக்கு மூலையில், கட்டிலுக்கு நேர் மேலே, உத்திரம் சுவருக்குள் நுழையும் இடத்தில் மட்டும் ஒரு சாண் நீளத்துக்கு வண்ணம் கொஞ்சம் பளபளத்தது. அந்தப் பளபளப்பின் ஓரத்தில் தலைமுடி போல ஒரு கோடு. வண்ணம் அடிப்பவர்கள் பட்டி பூசி மூடினால்தான் அப்படிக் கோடு விழும். நல்ல மரம் பட்டியைக் கேட்காது. குழி விழுந்த மரம்தான் கேட்கும்.

பக்கத்திலேயே சுவரில் ஒரு காலண்டர் தொங்கியது. உத்திரத்துக்கு ஒட்டினாற்போல, கூரைக்குச் சற்றுக் கீழே. அந்த உயரத்தில் தேதி பார்க்க வேண்டுமானால் ஒட்டகச்சிவிங்கியாகப் பிறந்திருக்க வேண்டும். அதுவும் போன வருடத்துக் காலண்டர்.

டொக்கு சாருக்குப் பாக்கெட்டுக்குள் விரல்கள் துடித்தன. தன் பெண் வந்து படுக்கப் போகிற இடம் அது. அதற்கு மேலே அப்படி ஓர் உத்திர முனை.

சாப்பாட்டுக்கு எழுந்தார்கள். பெண்கள் சமையலறைக்குப் போனார்கள். மாப்பிள்ளை மகளைக் கைத்தாங்கலாகக் குளியலறைக்கு அழைத்துப் போனான். ஸ்டேஷன் மாஸ்டர் மனமில்லாமல் கை கழுவப் பின்கட்டுக்குப் போனார். ஹாலில் டொக்கு சாரும், மேஜை மேல் ஒரு தேக்கரண்டியும் மட்டும் மிஞ்சினார்கள்.

அவர் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. கரண்டியை எடுத்தார், கட்டில் மேல் ஏறினார். மெத்தை அமுங்கி ஒரு பக்கம் சாய்ந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு கரண்டிக் காம்பால் உத்திரத்தைச் சுவரிலிருந்து கை எட்டிய தூரத்தில் தட்டினார். டங். கொஞ்சம் கிழக்கே. டங். இன்னும் கிழக்கே. டங். பளபளப்பான இடத்தில்.

பொத்.

கை காலண்டருக்குப் போயிற்று. தூக்கிப் பார்த்தார்.

உத்திரத்தின் அடிப்பக்கம் ஒரு மெல்லிய கம்பி அறைந்திருந்தது. கம்பியின் வளைந்த நுனி சுவரைத் தொட்டது. தொட்ட இடத்தில் ஒரு பென்சில் கோடு. உத்திரம் ஒரு நூல் அளவு கீழே இறங்கினாலும் கம்பி கோட்டை விட்டு இறங்கிவிடும். கோட்டுக்குக் கீழே தேதிகள். மாதம் ஒன்று, ஒவ்வொரு மாதமும் முதல் தேதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சின்ன 'சரி'க் குறி. ரயில் நேரப் பதிவேடு மாதிரி நேர் நேராக, மணி மணியான கையெழுத்தில் பதினோரு வருடத்துத் தேதிகள்.

"இறங்குங்க."

வாசற்படியில் ஸ்டேஷன் மாஸ்டர் நின்றார். கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு வருடத்தில் அவர் டொக்கு சாரிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

கரண்டியோடு மெத்தை மேல் நின்றுகொண்டு கௌரவமாகப் பேசுவது யாருக்கும் கஷ்டம். டொக்கு சார் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "உங்களுக்குத் தெரியுமா சம்பந்தி?" என்றார் மெதுவாக.

ஸ்டேஷன் மாஸ்டர் கதவைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கட்டில் இருவரையும் சேர்த்து முனகியது.

"பதினோரு வருஷமாத் தெரியும். ஒரு மழையில மேல தகரக் குழாய் அடைச்சு, தண்ணியெல்லாம் சுவத்துக்குள்ள இறங்கியிருக்கு. நான் கவனிக்கல. அப்புறம் ஒரு நாள் தலையணை மேல மரத்தூள். விரலை வெச்சுப் பார்த்தேன், விரல் உள்ள போச்சு. ஒரு தச்சரைக் கூட்டிட்டு வந்தேன். அவன் சொன்னான், உள்ள எவ்வளவு போயிருக்குன்னு உடைச்சுப் பார்த்தாத்தான் தெரியும், உடைச்சா மாடியே இறங்கினாலும் இறங்கும்னு. பையன் அப்பத்தான் காலேஜ்ல சேர்ந்திருந்தான். எங்க போறது, எப்படிப் போறது? பட்டி வெச்சு நானே பூசினேன். மேல குழாயைச் சுத்தம் பண்ணி, தண்ணி சுவத்துல இறங்காம ஒரு தகரம் அடிச்சேன். யார்கிட்டயும் சொல்லல."

"அந்த ரூம் சாவி?"

ஸ்டேஷன் மாஸ்டர் சட்டைக்குள் கையை விட்டார். கழுத்தில் தொங்கிய கறுப்புக் கயிற்றின் நுனியில் சாவி இருந்தது. "மேல யாரும் நடமாடக் கூடாதில்ல. அதான் தொலைச்சுட்டேன்" என்றார்.

"கட்டில்?"

"விழுந்தா என் மேல விழட்டும்னுதான். எனக்குத் தூக்கம் லேசு, சம்பந்தி. முப்பத்தெட்டு வருஷம் ராத்திரி வண்டிக்குக் கொடி காட்டினவன். ஒரு சின்னச் சத்தம் வந்தாலும் எழுந்துடுவேன், மத்தவங்களை வெளிய அனுப்பிடலாம். இப்ப அந்தப் பொண்ணு வந்து இங்க படுக்கணும்கறாங்க. எப்படி விடுவேன்? எப்படிச் சொல்லுவேன்?"

அவர் குரல் உடைந்தது. சுயநலம் பிடித்த கிழவர் என்று காரில் வரும்போது தானும் நினைத்ததை நினைத்து டொக்கு சாருக்கு வெட்கமாக இருந்தது.

"அப்ப அன்னைக்கு நான் வாசக்காலைத் தட்டினப்ப நீங்க..."

"உயிரே போயிடுச்சு. வாசல்லயே கண்டுபிடிச்சுட்டார், உள்ள வந்தா உத்திரத்தைத் தட்டிடுவார், கல்யாணம் நின்னுடும்னு பயந்தேன். அதான் வராந்தாவிலயே உட்கார வெச்சேன். தப்பா எடுத்துக்காதீங்க. உங்க மேல ஒரு கோபமும் இல்ல. வாசக்கால்ல புழு இருக்கிறது எனக்கும் தெரியும்."

இரண்டு வருடமாக அவமானம் என்று எண்ணிக் குமைந்துகொண்டிருந்தது சம்பந்தியின் பயமாக இருந்திருக்கிறது. டொக்கு சார் எழுந்தார். "இப்படியே இருங்க. கார்ல ஒரு சாமான் இருக்கு" என்றார்.

கொஞ்ச நேரத்தில் ஹாலிலிருந்து 'ஊய்ங்ங்' என்று ஒரு சத்தம் வந்தது. பெண்கள் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார்கள். பின்னாலேயே மகளைக் கைத்தாங்கலாகப் பிடித்தபடி மாப்பிள்ளையும் வந்தான். வந்தவர்கள் கண்ட காட்சி இது: இரண்டு சம்பந்திகளும் ஒரே கட்டிலின் மேல் நிற்கிறார்கள். ஒருவர் துப்பாக்கி மாதிரி ஒன்றைக் கூரையை நோக்கிப் பிடித்திருக்கிறார். மற்றவர் அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறார். இரண்டு வருடமாகப் பேசாதவர்கள்.

"நான் என்ன சொல்லிக் கூட்டிட்டு வந்தேன்?" என்று ஆரம்பித்தாள் டொக்கு சாரின் மனைவி.

"அவரை ஒண்ணும் சொல்லாதீங்கம்மா. நான்தான் பார்க்கச் சொன்னேன்" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். இடுப்பை விடாமல், கட்டில் மேல் நின்றபடியே, எல்லாவற்றையும் சொன்னார். மழை, மரத்தூள், பட்டி, சாவி, கட்டில். அவர் சொல்லி முடித்தபோது சம்பந்தியம்மாள் கையிலிருந்த துணியால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தான். "இது தெரியாம நான் போன்ல அப்படியெல்லாம் சொல்லிட்டேனே மாமா" என்று மகள் விம்மினாள்.

அழுகையின் நடுவே இயந்திரம் தன் காகிதத்தைத் துப்பியது.

டொக்கு சார் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். முதலில் கோடு தரையோடு படுத்திருந்தது. ஒன்றரை அங்குலம் வரைக்கும் அப்படியே. பிறகு எழுந்தது. ஒரு மலை, இரண்டு மலை, காகிதத்தின் கடைசிவரைக்கும் ஒரே மலைத்தொடர். இன்னொரு பக்கத்திலிருந்து ஊசியை விட்டார், பிறகு சுவரை நோக்கிச் சாய்வாக விட்டார். அங்கும் முதல் ஒன்றரை அங்குலம்தான் போயிருந்தது. உள்ளே மரம் கல் மாதிரி நின்றது. இயந்திரத்தோடு கம்பளிக்குள் ஒளித்து வைத்திருந்த இன்னொரு ஈரப் பெட்டியை எடுத்து முள்ளை அழுத்தினார். மனைவி அதையும் பார்த்தாள், பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். பதின்மூன்று சதவீதம் காட்டியது.

"இருபதுக்குக் கீழ இருந்தா உளுத்தது மேல மேல பரவாது. சுவர் காய்ஞ்சு கிடக்கு. நீங்க அடிச்ச தகரம் இருக்கே சம்பந்தி, அதுதான் இந்த வீட்டைக் காப்பாத்தியிருக்கு. அன்னைக்கே நின்னு போன நோய் இது. அந்தக் காலத்துல கட்டினவங்க தேவைக்கு ரெண்டு மடங்கு மரம் போட்டிருக்காங்க. ஒன்றரை அங்குலம் போனதுல ஒண்ணும் ஆகாது."

ஸ்டேஷன் மாஸ்டர் கட்டிலை விட்டு இறங்கவில்லை. "சுத்தி வளைக்காம சொல்லுங்க சம்பந்தி. நல்லா இருக்கா?"

எல்லோரும் டொக்கு சாரின் வாயைப் பார்த்தார்கள். அவர் வாயைத் திறந்தார். "ஊசி போட்ட வரைக்கும்..."

ஸ்டேஷன் மாஸ்டரின் முகம் மெல்ல வாடியது. பதினோரு வருடம் தூங்காதவனுக்கு "வரைக்கும்" போதாது. மிச்சம் இருக்கிற அந்தத் தட்டாத இடத்தை நினைத்தே அவர் மறுபடியும் விழித்திருப்பார். அது டொக்கு சாருக்குப் புரிந்தது. அதற்காக இல்லாததைச் சொல்லிவிடவும் அவரால் முடியாது. அது அவர் பிறவியிலேயே இல்லை. அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான் இருந்தது.

"அந்தச் சாவியைக் குடுங்க. ஏணி இருக்கா?" என்றார்.

சாப்பாடு ஆறிப் போயிற்று. அவர் அந்த உத்திரத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் விரற்கடை விரற்கடையாகத் தட்டினார். பிறகு மற்ற நாலு உத்திரங்களையும் தட்டினார். ஐந்து உத்திரங்களின் பத்து முனைகளிலும் ஊசி போட்டார், ஈரம் பார்த்தார். மாடியில் பதினோரு வருடமாகப் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்து, தும்மித் தும்மி, தரைப்பலகை ஒவ்வொன்றையும் தட்டினார். மாப்பிள்ளை ஏணியைப் பிடித்தான். ஸ்டேஷன் மாஸ்டர் விளக்கைப் பிடித்தார். மனைவி கடைசியில் பொறுக்க முடியாமல், "அந்த மூலையை விட்டுட்டீங்க பாருங்க" என்று தானே காட்டிக் கொடுத்தாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு, தட்டுவதற்கு அந்த ஹாலில் ஒன்றும் பாக்கியில்லாமல் போனபோது, டொக்கு சார் ஏணியிலிருந்து இறங்கினார். தலை முழுக்க ஒட்டடை.

"நல்லா இருக்கு" என்றார்.

கொஞ்ச நேரம் எல்லோரும் காத்திருந்தார்கள். அதற்கு முன்னாலும் பின்னாலும் எதுவும் வரவில்லை.

"அடப் பாவி மனுஷா!" என்று இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டாள் மனைவி. "இருபத்தொன்பது வருஷமா நான் வாயைப் பார்த்துக்கிட்டு இருக்கேன். முதல் முதலா சொன்னது ஒரு கட்டைக்கா!"

மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தால் ஏதாவது ஆகிவிடுமோ என்று எல்லோரும் பயந்துகொண்டே சிரித்தார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. காலண்டரைக் கழற்றினார். சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, கட்டில் மேல் ஏறி, கடைசித் தேதிக்குக் கீழே அன்றைய தேதியை எழுதினார். பிறகு பென்சிலை டொக்கு சாரிடம் நீட்டினார்.

"டியூட்டி மாறும்போது அடுத்தவர் கையெழுத்துப் போடணும் சம்பந்தி. போட்டாத்தான் நான் வீட்டுக்குப் போகலாம்."

டொக்கு சார் ஏறி, அந்தத் தேதிக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். சம்பளப் பட்டியலிலும் மருந்துச் சீட்டிலும் மட்டும் இருக்கும் தன் முழுப் பெயரையும் போட்டார். "வருஷத்துக்கு ஒரு தடவை நானே வந்து பார்ப்பேன். உங்களுக்கு இனிமே இதுல வேலை இல்ல" என்றார்.

கட்டில் மேற்கு மூலைக்குப் போயிற்று. மகளின் கட்டில் மாடியிலிருந்து இறங்கி, ஜன்னலோரம், உத்திரத்துக்கு நேர் கீழே வந்தது. படுத்ததும் அவள் மேலே பார்த்து, "இதுக்குக் கீழயா இவ்வளவு நாள்..." என்று ஆரம்பித்து, மாமனாரைத் திரும்பிப் பார்த்தாள். ஸ்டேஷன் மாஸ்டர் சும்மா முதுகைச் சாய்க்கிறேன் என்று மேற்கு மூலையில் சாய்ந்தார்.

ஆறிப்போன சாப்பாட்டைச் சூடு பண்ணிப் பரிமாறிக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. முதலில் டொக்கு சார் அனிச்சையாக உத்திரத்தைப் பார்த்தார். சத்தம் அங்கிருந்து வரவில்லை. மேற்கு மூலையிலிருந்து, சரக்கு ரயில் பாலத்தில் ஏறுவது போல, ஹாலே அதிரும்படி ஒரு குறட்டை கிளம்பியிருந்தது. சம்பந்தியம்மாள் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"இவர் குறட்டை விடுவார்ங்கறதையே நான் மறந்துட்டேன். வயசானா நின்னுடும் போலன்னு நினைச்சேன்" என்றாள். கண்ணீர் கன்னத்தில் இறங்குவதைத் துடைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"அத்தை, இந்தச் சத்தத்துல நான் எப்படித் தூங்கறது?" என்று ஜன்னலோரத்திலிருந்து மகள் கேட்டாள்.

"கொஞ்சம் பொறுத்துக்கோம்மா. அவருக்குப் பதினோரு வருஷத் தூக்கம் பாக்கி இருக்கு" என்று சொல்லிவிட்டு, சம்பந்தியம்மாள் சத்தம் போடாமல் பாத்திரத்தை மூடி வைத்தாள்.